மதுரை வெயிலைத் தாங்கும் தோட்டத்து அலுவலகம்: குறைந்த செலவில் கட்டும் முறை

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் தோட்டத்தில் தனியாக ஓர் அறை போட நினைக்கும்போது மேசை, நாற்காலி, கண்ணாடி சன்னல் என்றுதான் பெரும்பாலும் கணக்கைத் தொடங்குகிறார்கள். மதுரையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் அந்தக் கணக்கு வேறு இடத்தில் தொடங்க வேண்டும். சித்திரை, வைகாசிப் பிற்பகல்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடும் ஊரில், எட்டு மணி நேரம் உட்கார முடியாத அறை எவ்வளவு மலிவாகக் கட்டப்பட்டாலும் வீண் செலவுதான். ஆகவே கையில் உள்ள பணத்தை முதலில் கூரைக்கும் அடித்தளத்துக்கும் ஒதுக்குங்கள். சிக்கனத்தைச் சுவரிலும் தரையிலும் மரச்சாமானிலும் காட்டுங்கள்.

பொருள்களின் விலை அடிக்கடி மாறுவதால் ரூபாய்க் கணக்கைத் தவிர்த்து, எண்ணிக்கையையும் அளவையும் தருகிறேன். அவற்றை உங்கள் பகுதிக் கடை விலையால் பெருக்கிக்கொள்ளலாம். உள்ளளவு கிழக்கு மேற்காக 12 அடி, வடக்கு தெற்காக 10 அடி, சுவர் உயரம் 9 அடி, சுவர் 6 அங்குல ஹாலோ பிளாக் என்று வைத்துக்கொண்டே எல்லாக் கணக்கும் போடப்பட்டிருக்கிறது. ஒருவர் வேலை செய்யவும், ஓர் அலமாரி வைக்கவும், எப்போதாவது வரும் ஒருவர் உட்காரவும் இந்த அளவு போதும்.

இடமும் திசையும்

மனையின் நான்கு பக்கமும் விதிப்படி விட வேண்டிய காலி இடத்துக்குள் இந்த அறை வந்துவிடக் கூடாது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 மாநிலம் முழுவதற்கும் பொருந்துகின்றன. மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் மாநகராட்சி அலுவலகத்திலும், கிராமப்புறமாக இருந்தால் ஊராட்சியிலும் மனைப் படத்தைக் காட்டி, அறை வரும் இடத்தை அதில் குறித்து அனுமதி பெற்ற பிறகே வாணம் (அடித்தளக் குழி) தோண்டுங்கள். தோட்ட அறைதானே என்று கேட்காமல் தொடங்கி, பக்கத்து வீட்டுக்காரர் மனுக் கொடுத்த பின் ஓடுவதைவிட இது எளிது.

மரத்தடி என்றால் குளிர்ச்சி என்று பொதுவாக நினைத்துவிடக் கூடாது; எந்த மரம் என்பது முக்கியம். தென்னைக்கு அடியில் கட்டினால் மட்டையும் தேங்காயும் விழுந்து ஓடு உடையும். முருங்கையின் கிளை காற்றுக்கு முறியும். மழைக்காலத்தில் அதில் ஏறும் கம்பளிப்பூச்சிகள் சுவர் வழியாக அறைக்குள்ளும் வந்துவிடும். வேம்பும் புங்கனும் நல்ல நிழல் தருபவை. ஆனால் அவற்றின் அடிமரத்திலிருந்து பத்தடியாவது தள்ளி அடித்தளம் போட வேண்டும், மாசி பங்குனியில் உதிரும் இலையைக் கூரைத் தண்ணீர் வாய்க்காலிலிருந்து கூட்டித் தள்ளவும் வேண்டும். மரம் அறைக்கு மேற்கே இருப்பது எல்லாவற்றிலும் சிறந்தது.

திசையைப் பற்றிப் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மதுரை ஏறத்தாழ 9.9 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களில் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறது. வடக்குச் சுவரில் வெயிலே படாது என்பது வட இந்திய நூல்களைப் பார்த்துச் சொல்லப்படுவது. நம் ஊரில் மே, ஜூன், ஜூலை மாதங்களில் வடக்குச் சுவரிலும் வெயில் படும். ஆனால் சூரியன் மிக உயரத்தில் நிற்பதால் இரண்டடி நீண்ட கூரைத் தாழ்வாரம் வடக்கையும் தெற்கையும் எளிதாக நிழலில் வைத்துவிடும். தாழ்வாரத்தால் காப்பாற்ற முடியாதவை கிழக்கும் மேற்கும்தான். அதிலும் பிற்பகல் முழுவதும் சூடேறி மாலையில் அந்தச் சூட்டை உள்ளே விடும் மேற்குச் சுவரே பெரும் தொல்லை. எனவே நீளமான சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும்; அவற்றில் ஆளுக்கொரு 4×4 அடி சன்னல் வையுங்கள்; கதவு கிழக்கில் இருக்கட்டும்; மேற்குச் சுவரில் சன்னலே வேண்டாம். வாஸ்து பார்க்கும் பெரியவர்கள் ஈசானிய மூலையைத் திறந்து விடச் சொல்வார்கள். அறையை மனையின் தென்மேற்குப் பக்கம் தள்ளிப் போட்டால் அவர்களுக்கும் திருப்தி, நமக்கும் கிழக்கு வெளிச்சம் கிடைக்கிறது. இதில் அவர்களோடு மல்லுக்கு நிற்க வேண்டிய தேவை இல்லை.

மண்ணைப் பார்த்து அடித்தளம்

மேலூர், அழகர்கோயில் பக்கம் செம்மண்ணும் சரளையும் கிடைக்கும் இடத்தில் இரண்டடி அகலம், இரண்டரை அடி ஆழ வாணம் இந்தச் சிறிய அறைக்குப் போதும். அடியில் ஜல்லிக் கலவை போட்டு, அதன்மேல் கருங்கல்லைச் சிமெண்ட் சாந்தில் அடுக்கி, தரைமட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி பேஸ்மட்டம் எழுப்பி, அதன் தலையில் கம்பி கட்டி நான்கு அங்குல உயரக் கான்கிரீட் பெல்ட் ஓட்டினால் வேலை முடிந்தது. கருங்கல் ஏறத்தாழ இரண்டு யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) ஆகும். பேஸ்மட்டத்தின் உள்ளே நிரப்ப வேண்டிய கிராவல் மண் 180 கன அடி. தண்ணீர் விட்டு இடித்தால் கிராவல் படிந்துவிடும் என்பதால் இரண்டேகால் யூனிட் வாங்க வேண்டும்.

திருமங்கலம், பேரையூர், தே. கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசலில் இந்த முறை செல்லாது. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்து, ஐப்பசி மழையில் ஊறி உப்பும் மண் அது; மேலாகப் போட்ட அடித்தளத்தை அது ஆண்டுக்கு ஒரு முறை தூக்கி இறக்கும், சுவரில் படிக்கட்டு வடிவில் விரிசல் ஓடும். கரிசலின் ஆழத்தைத் தெரிந்துகொள்ள மூலையில் ஒரு குழி வெட்டிப் பார்ப்பதே போதும். நான்கைந்து அடிக்குள் சுண்ணாம்புச் சரளையோ கெட்டி மண்ணோ தட்டுப்பட்டால் அதுவரை போய் அடித்தளம் போடலாம். தட்டுப்படவில்லையென்றால் சுவர் அறையை விட்டுவிட்டு, ஆறு தூண்களில் நிற்கும் இரும்புச் சட்டத்தில் சிமெண்ட் ஃபைபர் போர்டு அடித்த இலகுவான அறைக்கு மாறுவதே செலவு குறைந்த வழி. மண் சற்று அசைந்தாலும் அந்தச் சட்டம் ஈடுகொடுக்கும்.

வைகைப் பாசனத்தில் இருந்த பழைய நஞ்சை மனைகளிலும், கண்மாயை ஒட்டிய மனைகளிலும் மண்ணைவிடத் தண்ணீரே கேள்வி. ஆண்டு மழையில் பெரும் பங்கு வடகிழக்குப் பருவத்தில், அதுவும் சில நாள் அடைமழையாகக் கொட்டிவிடுகிறது. பேஸ்மட்ட உயரத்தைத் தோட்டத்து மண்ணிலிருந்து அளக்காமல், தெருச்சாலையின் மட்டத்திலிருந்து அளந்து, அதற்கு மேல் ஒரு முழமாவது நிற்கும்படி வையுங்கள். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் அது கொஞ்சம் உயரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நூல் கட்டும்போது சுவரின் நடுக்கோட்டை அளவாகக் கொண்டால் 12½ அடியும் 10½ அடியும் வரும். மூலைக்கு மூலை குறுக்காக அளந்தால் இரண்டு பக்கமும் 16 அடி 4 அங்குலத்துக்கு ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) குறைவாக வர வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இல்லாவிட்டால் மூலை கோணலாக இருக்கிறது என்று பொருள். அது கூரைச் சட்டம் ஏற்றும் நாளில்தான் தெரியவரும், அப்போது திருத்த முடியாது.

சுவரில் மிச்சம் பிடிப்பது

16×8 அங்குல முகம் கொண்ட 6 அங்குல ஹாலோ பிளாக், கதவு சன்னலைக் கழித்து, ஏறத்தாழ 405 ஆகும். கிழக்கிலும் மேற்கிலும் கூரை முகடு வரை எழும் முக்கோணச் சுவர்களுக்கு 35 சேர்த்து, உடைசலுக்கும் இடம் கொடுத்து 460 இறக்குங்கள். நன்றாக ஆறிய கல்லாக இருக்க வேண்டும். புதிதாக அச்சிலிருந்து எடுத்து ஒரு வாரத்தில் வண்டியேற்றி அனுப்பும் கல், கட்டிய பின் சுருங்கி மெல்லிய விரிசல் விடும். சோதித்துப் பார்க்க இடுப்பு உயரத்திலிருந்து மண் தரையில் ஒரு கல்லைப் போடுங்கள். தூளாகிப் போனால் அந்தச் சுமையைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

செங்கல்தான் வேண்டும் என்பவர்கள், கேரளத்தில் லாரி பேக்கர் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டைக் கொத்தனாரிடம் கேட்டுப் பார்க்கலாம். கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடும் அந்த முறையில், வழக்கமான 9 அங்குலச் சுவரைவிட ஏறத்தாழ கால் பங்கு கல் மிச்சமாகும், நடுவில் அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கும். பழக்கமில்லாத கொத்தனாராக இருந்தால் அவர் கையாலேயே ஒரு கெஜம் மாதிரிச் சுவர் கட்டச் சொல்லிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். கல் அளவு ஒன்றுபோல் இல்லாவிட்டால் இந்தக் கட்டு அழகாக அமையாது.

ஏழடியில் லிண்டல் (கதவு சன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் உத்தரம்), ஒன்பதடியில் மற்றொரு பெல்ட் என்ற இரண்டையும் சிக்கனம் கருதி விட்டுவிடக் கூடாது. உட்பூச்சைச் சன்னமாகப் பூசி, அலமாரிக்குப் பின்னால் வரும் பகுதியைப் பூசாமலே விடலாம். வெளியே மட்டும் நன்றாகப் பூசி வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். பங்குனி வெயிலில் கட்டும் சுவருக்குக் காலையும் மாலையுமாகப் பத்து நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும். மேற்குச் சுவரில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டால் பிற்பகலில் காயாமல் இருக்கும்.

கதவு சன்னலுக்குப் பழைய கட்டடச் சாமான் விற்கும் கடைகளில் தேடினால் நல்ல சட்டங்கள் கிடைக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ச் செட்டிநாட்டுத் தேக்குக் கதவு வாங்கும் ஆசை பலருக்கு உண்டு. அவை இப்போது கலைப்பொருள் விலைக்கு விற்கின்றன, நம் கணக்குக்குள் வராது. செம்மண் நிலத்தில் கரையான் அதிகம் என்பதால் நிலையைச் சிமெண்டிலோ இரும்பிலோ வைத்து, பலகை மட்டும் மரமாக இருந்தால் போதும்.

கூரையே அறை

நேர் உச்சி வெயில் அடிக்கும் ஊரில் அறைக்குள் வரும் வெப்பத்தில் பெரும் பகுதி கூரை வழியாகவே வருகிறது. அதனால் மற்ற எல்லாவற்றையும்விட இதில் நிதானமாக முடிவெடுங்கள்.

நான்கு வழிகள் நம் முன் இருக்கின்றன. தென்னங்கீற்று குளிர்ச்சியில் முதலிடம் பெறும்; ஆனால் இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை புதிதாக வேய வேண்டும், எலியும் பூச்சியும் குடியேறும், மின்சாதனங்கள் இருக்கும் அறைக்கு மேல் தீப்பற்றும் பொருளை வைப்பதும் சரியல்ல. கல்நார் கலந்த சிமெண்ட் ஷீட்டை அறுக்கும்போதும் துளையிடும்போதும் பறக்கும் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் அதைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுகிறேன். வண்ணம் பூசிய தகர ஷீட் விரைவாக முடியும், விலையும் குறைவு. ஆனால் வெறும் தகரத்தின் அடியில் மே மாதம் உட்காரவே முடியாது, அடைமழையில் காணொலிக் கூட்டமும் நடத்த முடியாது. மீதமிருப்பது மங்களூர் ஓடு. என் தேர்வு அதுதான், ஒரு விலக்கோடு: அழகர்மலை அடிவாரம் போலக் குரங்குகள் வந்து போகும் இடத்தில் ஓடு நிலைக்காது, அங்கே தகரமே கதி.

ஓடு போடுவதானால் முகடு கிழக்கு மேற்காக ஓட, வடக்கிலும் தெற்கிலும் சரியும் இரட்டைச் சரிவுக் கூரையாகப் போடுங்கள். இரண்டடிக்கு ஓரடி வீதம் சரிவு இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் காற்றோடு வரும் மழை ஓட்டின் இடுக்கில் ஏறும். நான்கு பக்கமும் இரண்டடித் தாழ்வாரம் விட்டால் கூரைப் பரப்பு ஏறத்தாழ 285 சதுர அடி வரும். 400 ஓடுகள் தேவை, உடைசலுக்கும் பிற்காலத்துக்கும் சேர்த்து 440 வாங்குங்கள். 17 அடிக்கு முகட்டு ஓடு தனி. இடித்த வீடுகளின் பழைய ஓடுகள் புதியதைவிட மலிவு; பல ஆண்டு மழையைத் தாங்கியவை என்பதால் எது கசியும் எது கசியாது என்பது அவற்றிலேயே தெரியும். தட்டினால் கணீரென்று ஒலிப்பதை எடுத்து, மொத்தையாக ஒலிப்பதை ஒதுக்கிவிடுங்கள். எல்லா ஓடும் ஒரே அச்சாக இருக்கட்டும். வெவ்வேறு சூளை ஓடுகள் ஒன்றோடொன்று கவ்வாது.

ஓடுகளை வாங்கிய பிறகே இரும்புச் சட்டத்தை வெல்டிங் செய்ய வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குறுக்குச் சட்டங்களின் இடைவெளி ஓட்டின் அளவைப் பொறுத்தது, பொதுவாக ஓரடிக்குச் சற்று மேல். ஐந்து ஓடுகளைத் தரையில் கவ்வ வைத்து அளந்து, அந்த அளவை வெல்டரிடம் கொடுங்கள். ஓடு ஒன்று இரண்டரைக் கிலோ என்றாலும் கூரையின் சுமை ஒரு டன்னாகும்; ஆகவே 13 அடி நீள முகட்டுச் சட்டத்துக்கு நடுவில் முட்டுக் கொடுக்கும் முக்கோணச் சட்டம் ஒன்று கட்டாயம் வேண்டும். எல்லா வெல்டிங் இணைப்புக்கும் துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்த பிறகே ஓடு ஏற வேண்டும்.

ஓட்டுக்கு அடியில் ஒன்பதடி மட்டத்தில் சிமெண்ட் ஃபைபர் போர்டாலோ மூங்கில் பாயாலோ தட்டையான உட்கூரை ஒன்று போடுங்கள். முகட்டுக்கும் உட்கூரைக்கும் நடுவே உள்ள வெளிதான் இந்த அறையின் குளிர்சாதனம். கிழக்கு, மேற்கு முக்கோணச் சுவர்களின் உச்சியில் ஒவ்வொரு சதுர அடி சிமெண்ட் சாளரம் வைத்தால் அங்கே தேங்கும் சூடான காற்று வெளியேறிவிடும். அணிலும் எலியும் நுழையாமல் இரும்பு வலை அடிக்க வேண்டும். தகரக் கூரை போடுபவர்களுக்கும் இதே அமைப்பு பொருந்தும். ஆனால் அவர்கள் தகரத்துக்கு அடியில் வெள்ளிப்பூச்சு இன்சுலேஷன் ஷீட்டை, பளபளப்பான பக்கம் காற்றுவெளியைப் பார்க்கும்படி கட்டாயம் போட வேண்டும். ஆடிக் காற்று தகரத்தின் விளிம்பைப் பிடித்துத் தூக்கும் என்பதால் ஓரத்துத் திருகாணிகளை நெருக்கமாக அடிக்க வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் அக்னி நட்சத்திர நாட்களில் பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை மின்விசிறி மட்டும் போதாது. வறண்ட வெப்பத்தில் ஏர்கூலர் நன்றாக வேலை செய்யும். ஏசி பின்னர் வாங்கும் எண்ணம் இருந்தால் அதற்கான தனி ஒயரையும் பாயின்ட்டையும் இப்போதே வைத்துவிடுங்கள். சுவரை மறுபடி உடைப்பதைவிட அது மலிவு.

மின்சாரம், இணையம்

வீட்டு மெயின் போர்டிலிருந்து தனி எம்.சி.பி. (சுமை மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) வைத்து, இரண்டடி ஆழத்தில் பதித்த பி.வி.சி. குழாய் வழியாகக் கேபிள் கொண்டுவர வேண்டும். விளக்கு, விசிறி, கணினிக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரும், ஏசி உண்டென்றால் 4 சதுர மில்லிமீட்டரும் போதும். அறையிலேயே 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) ஒன்றும் தனி எர்த்தும் இருக்கட்டும். ஈரத் தோட்டத்தில் வெறுங்காலோடு நடந்து வந்து பிளக்கைத் தொடும் இடம் இது. இந்த வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே கொடுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்தடை செய்யும் நாள் எல்லாப் பகுதிக்கும் வரும். மடிக்கணினி, ரூட்டர், 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறி (மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் கொண்டது), ஒரு எல்.இ.டி. விளக்கு எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 130 வாட். 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்–மணி) பேட்டரியின் கொள்ளளவு 1,800 வாட்–மணி. இன்வெர்ட்டர் இழப்பையும், பேட்டரியை முழுவதும் காலி செய்யக் கூடாது என்பதையும் கழித்தால் அது எட்டு மணி நேரம் தாங்கும். வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால் அதிலிருந்து ஓர் இணைப்பு கொண்டுவந்தாலே பெரிய செலவு மிச்சம். ஆனால் வீட்டு விசிறிகளும் அதே பேட்டரியில் ஓடும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

வீட்டு வைஃபையை நம்ப வேண்டாம். இரண்டு சுவரும் கூரைச் சட்டமும் கடந்து வரும்போது அது பலவீனமாகிவிடும். கேட் 6 லேன் கேபிள் 100 மீட்டர் வரை குறைவில்லாமல் இயங்கும். வெயில் படாதபடி குழாயில் இழுங்கள், ஆனால் மின்சாரக் கேபிள் போகும் குழாயில் சேர்க்காமல் தனிக் குழாயில் கொண்டுவாருங்கள். இரண்டு குழாய்களின் வாயையும் சாந்து வைத்து அடைத்துவிட்டால் பூரானும் தேளும் அந்த வழியாக வராது.

மேசையை மேற்குப் பக்கம் போட்டுக் கிழக்கு பார்த்து உட்கார்ந்தால் இடக்கைப் பக்கம் வடக்குச் சன்னலின் வெளிச்சம் விழும், திரையில் கண்கூச்சம் இருக்காது. முதுகுக்குப் பின்னால் வரும் மேற்குச் சுவர் முழுவதும் புத்தக அலமாரி வைத்தால் அது வெப்பத்தையும் கொஞ்சம் தடுக்கும், காணொலிக் கூட்டத்துக்குப் பின்னணியாகவும் அமையும். சன்னல்களுக்குக் கொசுவலை அவசியம். தரைக்குச் சிமெண்ட் பூச்சு போதும். சக்கரம் வைத்த அலுவலக நாற்காலி உருளும் இடத்தில் மட்டும் ஆத்தங்குடிக் கல் (செட்டிநாட்டுச் சிமெண்ட் தரைக்கல்) பதித்தால் தேயாது. ஆடி மாதக் கோயில் ஒலிபெருக்கியை எந்தச் சுவரும் முழுதாகத் தடுக்காது, அதற்கு நல்ல ஹெட்செட் ஒன்றுதான் வழி.

வேலையைத் தைப் பொங்கல் முடிந்ததும் தொடங்கினால், கூலியாட்களுக்கும் தண்ணீருக்கும் தட்டுப்பாடு இல்லாத காலத்திலேயே சுவர் எழும்பி, சித்திரைக்குள் கூரை ஏறிவிடும். கொத்தனாரிடமும் வெல்டரிடமும் பேசும்போதே, கூலியில் ஒரு சிறு பகுதியை முதல் கனமழைக்குப் பிறகு தருவதாகச் சொல்லி ஒப்புக்கொள்ள வையுங்கள். அந்த மழை பெய்யும்போது முகட்டு ஓட்டின் சாந்து, மேற்கு முக்கோணச் சுவரின் சாளரம், சன்னலின் அடிவிளிம்பு, கேபிள் குழாயின் வாய் ஆகிய நான்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மிஞ்சிய நாற்பது ஓடுகளையும் மேற்குத் தாழ்வாரத்துக்கு அடியில் சுவரை ஒட்டி அடுக்கி வைத்தால், உடைந்ததை மாற்றக் கடை தேட வேண்டியிருக்காது.